தண்ணீரை அவர்களே ஊற்றட்டும்
வாசகர் கேள்விகளுக்கு ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் ஒரே அளவு பால்தான் ஊற்றுகிறேன். அண்ணனுடைய உயரமான கண்ணாடி டம்ளரைப் பார்த்ததும் ‘அவனுக்குத்தான் நிறைய’ என்று அழுகிறாள். கண்ணெதிரே அளந்து காட்டினாலும் நம்புவதில்லை. கணக்கில் பின்தங்கிவிடுவாளோ?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பயமே வேண்டாம் அம்மா. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதையே சோதனையாகச் செய்து பார்த்தவர். அகலமான பாத்திரத்துத் தண்ணீரைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒல்லியான பாத்திரத்துக்கு மாற்றினாலும், ‘இதில்தான் அதிகம்’ என்றார்கள். பொதுவாக ஏழு வயதை ஒட்டித்தான் இது தெளிகிறது. அதுவரை கண் உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும், அகலத்தை விட்டுவிடும். ‘ரெண்டும் ஒண்ணுதான்டி’ என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

உங்கள் ஊரில் டபரா செட் இல்லாத வீடு ஏது? டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் எடுத்து, அவள் கையாலேயே டபராவில் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் பரந்து, தாழ்ந்து நிற்கும். ‘குறைஞ்சு போச்சா?’ என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் திருத்தாதீர்கள். மறுபடி டம்ளருக்கே மாற்றட்டும். பழைய இடத்திலேயே வந்து நிற்கும். உடனே மறுபடி டபராவுக்குப் போவாள் பாருங்கள்! அந்தப் போக்குவரத்தைத் தடுக்காதீர்கள், பாடமே அதுதான்.

அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து, சொம்பு நிறைய எத்தனை கிண்ணம் பிடிக்கும் என்று முதலில் உத்தேசமாகச் சொல்ல வையுங்கள். பிறகு ஊற்றட்டும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தால் எண்ணிக்கை தவறாது. பிள்ளைகள் அரைக்கிண்ணத்தையும் ஒன்று என்று எண்ணிவிடுவார்கள், நடுவில் பெரிய கிண்ணத்துக்கும் தாவுவார்கள். இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கடைசிவரை அதே கிண்ணம், ஒவ்வொரு முறையும் நிறைய. அளப்பதன் அடிப்படையே இதுதான். மில்லிலிட்டர் இப்போது வேண்டவே வேண்டாம். சிந்தும் தண்ணீர் செடிக்குப் போகட்டும். வாளித் தண்ணீர் பக்கத்தில் மட்டும் சின்னப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் ‘ஆயிரம் மில்லிலிட்டர் ஒரு லிட்டர்’ என்று கடகடவென ஒப்பிக்கிறான். இந்த டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றால் ‘அஞ்சு லிட்டர்’ என்கிறான். என்ன செய்வது?
- ஒரு தாத்தா, திண்டுக்கல்

வாய்ப்பாடு வந்துவிட்டது, அளவு இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. அவ்வளவுதான் ஐயா. காலையில் அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கினால், அதில் 500 மி.லி. என்று போட்டிருப்பதை அவனே படித்து, அவனே பாத்திரத்தில் ஊற்றட்டும். இன்னொரு பாக்கெட்டையும் ஊற்றினால் ஒரு லிட்டர். பால் எதுவரை வந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டவன் டம்ளருக்கு அஞ்சு லிட்டர் சொல்ல மாட்டான்.

விடுமுறை நாளில் அவனோடு உட்கார்ந்து ஓர் அளவு பாட்டில் செய்யுங்கள். காலியான மருந்து பாட்டிலின் மூடியில் 5, 10 என்று கோடுகள் இருக்கும். மூடியை நன்றாகக் கழுவி, 10 மி.லி. கோடுவரை பத்து முறை ஒரு டம்ளரில் ஊற்றினால் 100 மி.லி. தண்ணீர் நிற்கும் இடத்தில் டம்ளரில் கோடு போடுங்கள். இனி அதுதான் உங்கள் அளவு. கீழிருந்து மேல்வரை ஒரே அகலமான கண்ணாடி பாட்டிலில் நெடுக ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, 100 ஊற்றுவது, கோடு போடுவது, மறுபடி 100 ஊற்றுவது. கோடு போடுமுன் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, அவன் குனிந்து கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தால் சாய்ந்துவிடும். கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் மேலேறி நிற்கும், நடுவில் தாழ்ந்திருக்கும் மட்டத்துக்கே கோடு.

இதே வேலையை இடுப்பு ஒடுங்கிய குளிர்பான பாட்டிலிலும் செய்யச் சொல்லுங்கள். ஒடுங்கிய இடத்தில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும், அகன்ற இடத்தில் நெருங்கி விழும். ஏன் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவனே கண்டுபிடித்துச் சொல்லும் சந்தோஷத்தை நாம் ஏன் பறிக்க வேண்டும்?

கேள்வி: சமையல் எண்ணெய் பாக்கெட்டில் ‘1 லிட்டர், 910 கிராம்’ என்று இருக்கிறது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே என்று நாலாம் வகுப்பு மகள் கேட்கிறாள்.
- ஒரு வாசகர், மதுரை

நல்ல கேள்வி கேட்கிறாள், பாராட்டுங்கள்! ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு கிலோ. லிட்டர் என்பது பிடிக்கும் இடத்தின் அளவு, கிராம் என்பது எடை. அதே இடத்தை அடைக்கும் எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைவு. கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, ஒரு கரண்டி எண்ணெயை அவளையே ஊற்றச் சொல்லுங்கள். எண்ணெய் மேலே வந்து நிற்கும். முதலில் எண்ணெயை ஊற்றிவிட்டு அப்புறம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பாள். அதையும் செய்து பார்க்க விடுங்கள்.