“எனக்கும் அப்படித்தான் இருந்தது” என்று விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி – மகளிர் நல மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்கு 14 வயதாகிறது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வயதுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மாதமும் எட்டு ஒன்பது நாட்கள் உதிரப்போக்கு இருக்கிறது. முதல் மூன்று நாட்களில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. இரவில் இரண்டு நாப்கின்களைச் சேர்த்து வைத்தும் படுக்கை விரிப்பு நனைந்துவிடுகிறது. கட்டி கட்டியாகவும் போகிறது. வயிற்று வலியில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். சில மாதங்களில் வாந்தியும் எடுக்கிறாள். மாதந்தோறும் இரண்டு மூன்று நாட்கள் பள்ளிக்குப் போவதில்லை. கோடையில் மூக்கில் இரத்தம் வரும் அளவுக்கு அவளுக்குச் சூட்டு உடம்பு. அதனால்தான் இப்படி என்கிறார் என் மாமியார். எனக்கும் திருமணத்திற்கு முன் இப்படித்தான் இருந்தது. என் அம்மாவும் இதே அவதிதான் பட்டாராம். வலி மாத்திரை பழக்கமாகிவிடுமோ, ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் பிற்காலத்தில் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போகவும் தயங்குகிறேன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளைத்தான் நான் முதலில் அடிக்கோடிட்டேன். ஒன்று, மகளுக்குக் கோடையில் மூக்கில் இரத்தம் வருவது. மற்றொன்று, உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் இதே போன்ற உதிரப்போக்கு இருந்தது. மூன்று தலைமுறையாக இருந்து வருவதால் இதை இயல்பானது என்று வீட்டில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ, தாய்வழியில் தொடர்ந்து வருகிறது என்பதாலேயே, இது பரம்பரையாக வரும் இரத்த உறைதல் குறைபாடாக இருக்குமோ என்று பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும் எனத் தோன்றுகிறது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதவிடாயில் பொதுவாக 30 முதல் 40 மில்லி இரத்தம் வெளியேறும். 80 மில்லியைத் தாண்டினால் அது மிகை உதிரப்போக்கு. வீட்டில் யாரும் மில்லி கணக்கில் அளக்க முடியாது என்பதால் நாங்கள் வேறு அடையாளங்களைக் கேட்போம்: ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கிறதா, ஒன்று இரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் முழுவதும் நனைந்துவிடுகிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போகின்றனவா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, துணியிலும் விரிப்பிலும் கறை படிகிறதா என்று. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கடிதமே ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிட்டது. ஆகவே இதைச் சூட்டு உடம்பு என்று விட்டுவிட வேண்டாம். இளநீரும் மோரும் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அவற்றை மருத்துவமாக நினைத்து நாளைக் கடத்த வேண்டாம்.

இரத்தம் உறைவதற்கு, காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை அங்கே பிடித்து நிறுத்தும் புரதம் ஒன்று உண்டு. அது குறைவாக இருந்தாலோ சரியாக வேலை செய்யாவிட்டாலோ ஏற்படும் நிலைக்கு வான் வில்லபிராண்ட் நோய் என்று பெயர். பரம்பரையாக வரும் இரத்தக்கசிவு நோய்களில் இதுவே மிகவும் பரவலானது. ஆண், பெண் இருபாலருக்கும் வரும். 1926இல் இதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லபிராண்ட். அவர் கவனித்த குடும்பத்தில், முதலில் அவரிடம் அழைத்து வரப்பட்ட சிறுமி பின்னர் பதின்மூன்றாவது வயதில், நான்காவது மாதவிடாயின்போது இரத்தப்போக்கு நிற்காமலேயே இறந்துபோனாள். இது உங்களை அச்சுறுத்துவதற்காக அல்ல. இன்று இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இது லேசான வடிவில்தான் இருக்கிறது. ஆனால் பல பெண்களுக்கு இந்நோயின் முதல் அறிகுறியே மாதவிடாயில்தான் தெரிகிறது என்பதை இங்கே எத்தனையோ குடும்பங்கள் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் சிலவற்றை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் வரும் இரத்தம் பத்து நிமிடத்திற்கு மேல் நிற்காமல் வருகிறதா? பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறதா? அடிபடாமலேயே கை கால்களில் நீலம் பூத்திருக்கிறதா? உங்களுக்குப் பல் பிடுங்கியபோதோ பிரசவத்தின்போதோ வழக்கத்துக்கு மேல் இரத்தம் போனதா? உங்கள் அம்மாவுக்கும் அவருடைய சகோதரிகளுக்கும் இப்படி ஏதேனும் நடந்ததுண்டா? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள், சில நேரங்களில் ஆய்வுக்கூட அறிக்கையைவிட அதிகமாக வழிகாட்டும்.

பரிசோதனைகளில் முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் உறைதல் குறைபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வான் வில்லபிராண்ட் புரதத்துக்கென்று தனிப் பரிசோதனை இருக்கிறது. உடல் அல்லது மன அழுத்தத்தின்போது அந்தப் புரதம் தற்காலிகமாக உயரக்கூடும் என்பதால், ஒரு முறை சரியாக வந்தாலும் மீண்டும் ஒரு முறை பார்க்கச் சொல்வதுண்டு. உங்கள் ஊரில் இந்த வசதி இல்லாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் பார்த்த பிறகு, உறைதல் குறைபாடு எதுவும் இல்லை, ஹார்மோன் சமநிலை இன்னும் நிலைப்படாததுதான் காரணம் என்றும் தெரியவரலாம். அப்படியானால் நிம்மதிதான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

இனி இரத்த சோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினர் இரத்த சோகை உள்ளவர்கள். மாதந்தோறும் இவ்வளவு இரத்தத்தை இழக்கும் உங்கள் மகள் அதிலிருந்து தப்பியிருப்பாள் என்று நான் நம்பவில்லை. அவள் வயதில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அது சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்துபோயிருக்கலாம். அந்த நிலையிலேயே சோர்வும் மறதியும் தொடங்கிவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாளா, சமையலறையில் ஊறவைத்த பச்சரிசியை அள்ளி மெல்கிறாளா, சாக்பீஸைக் கடிக்கிறாளா என்று கவனியுங்கள். பச்சரிசி தின்னும் பெண்ணைத் திட்டும் வீடுகள்தான் அதிகம். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. அது சோகை வராமல் தடுப்பதற்கானது. வந்துவிட்ட பிறகு மருத்துவர் சொல்லும் அளவில், ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உட்கிரகிக்கப்படும். தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும் என்பதால் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், உளுந்தங்களி எல்லாம் கட்டாயம் கொடுங்கள். ஆனால் குறைந்துபோன கையிருப்பை உணவால் மட்டும் நிரப்புவது மிகக் கடினம்.

வலியைப் பற்றி: மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையின் உட்சவ்வில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. வலியோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதற்குக் காரணமும் அதுதான். மெஃபெனாமிக் அமிலம், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. ஆகவே வலி உச்சத்தை எட்டிய பிறகு கொடுப்பதைவிட, தொடங்கும்போதே, உணவுக்குப் பின், மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரண்டு மூன்று நாட்கள் கொடுப்பதுதான் பலன் தரும். மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் சாப்பிடுவதால் இவை பழக்கமாகிவிடுவதில்லை. ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது: இந்த மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையையும் சற்றுத் தடுப்பவை. ஆகையால் உறைதல் குறைபாடு இல்லை என்று உறுதியாகும்வரை இவற்றையும் ஆஸ்பிரினையும் தவிர்த்து, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலும் அடிவயிற்றில் வெந்நீர்ப் பை ஒத்தடமும் கொடுங்கள். காய்ச்சல் இருந்து டெங்குவாக இருக்குமோ என்ற ஐயம் இருக்கும்போதும் மெஃபெனாமிக் அமிலம், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் ஆகியவை கூடாது. மெஃபெனாமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023இல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. எந்த மாத்திரையானாலும், சாப்பிட்ட பின் தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் உடாகோ ஒகாமோட்டோவும் அவருடைய கணவரும் 1962இல் அறிமுகப்படுத்தியது. பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கால் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த மருந்து அது. உதிரப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிட வேண்டியது. இதில் ஹார்மோன் எதுவும் இல்லை. இது போதாதபோதுதான் ஹார்மோன் மாத்திரை. அது கருப்பையின் உட்சவ்வை மெலிதாக்கி, இரத்தத்தையும் வலியையும் சேர்த்தே குறைக்கிறது. கருத்தடைக்கும் அதே மாத்திரைதான் பயன்படுகிறது என்பதால் அம்மாக்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரையால் குழந்தைப்பேறு பாதிக்கப்படுவதில்லை. நிறுத்தியதும் சினைமுட்டை வெளிப்படுவது பழையபடி தொடங்கிவிடும். கண்ணில் மின்னல் போன்ற ஒளி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலியோ, இரத்தக்குழாயில் அடைப்பு வந்த வரலாறோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரைக்கு முகம் சுளிக்கும் வீடுகளில்கூட, கோயில் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுக்க யாரும் தயங்குவதே இல்லை. உண்மையில் தயங்க வேண்டியது அங்கேதான்.

இவ்வளவும் செய்து மூன்று முதல் ஆறு மாதங்களில் வலி குறையவில்லை என்றால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்றும், பிறவியிலேயே கருப்பையின் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். “குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்” என்று 14 வயதுப் பெண்ணிடம் சொல்வது, இன்னும் பத்து ஆண்டுகள் வலியைத் தாங்கிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். தயவுசெய்து அவள் காதுபட யாரையும் அப்படிச் சொல்ல விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகத் தயக்கம் வேண்டாம். இந்த வயதில் உள்பரிசோதனை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, வயிற்றின் மேல் கருவியை வைத்து ஸ்கேன் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஒரு சிறிய நோட்டில், மாதவிடாய் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஒவ்வொரு நாளும் மாற்றிய நாப்கின் எண்ணிக்கை, வலி வந்த நேரம், சாப்பிட்ட மாத்திரை, பள்ளிக்குப் போகாத நாள் ஆகியவற்றை மகளையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதக் குறிப்பு இருந்தால் நல்லது; ஆனால் அதற்காகக் காத்திருக்காமல், இந்த வாரமே இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, அந்த நேரமே 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த நாட்களில் அவளைத் தனியே ஒரு மூலையில் உட்காரவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வலியில் இருக்கும் பெண்ணுக்கு வேண்டியது சூடான உணவும், பக்கத்தில் ஆளும். வகுப்பாசிரியையிடம் நீங்களே பேசி, பாடம் நடக்கும்போதும் கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்கிக் கொடுங்கள். பையில் மாற்று உள்ளாடையும், கூடுதல் நாப்கின்களும், அடர்நிறப் பையொன்றும் இருக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, பூப்பெய்தி ஏழு மாதங்கள் ஆகின்றன. இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு வந்தால் பத்து நாட்கள்வரை போகிறது. வலி இல்லை. மனைவி இறந்துவிட்டார், என்னிடம் சொல்ல மகள் கூச்சப்படுகிறாள்.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: பூப்பெய்திய முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மாதந்தோறும் சினைமுட்டை வெளிப்படுவதில்லை. அதனால் கருப்பையின் உட்சவ்வு கட்டுப்பாடின்றி வளர்ந்து, தாமதமாகவும் ஒழுங்கின்றியும் உதிர்கிறது. வலி இல்லாததற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். இந்த வயதில் 21 முதல் 45 நாட்கள்வரை இடைவெளி இருப்பது இயல்பு. ஒரு முறை 90 நாட்களைத் தாண்டினாலோ, ஏழு நாட்களுக்கு மேல் உதிரப்போக்கு நீடித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பத்து நாட்கள் போவதால், ஹீமோகுளோபினையும் தைராய்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

நாப்கினை அவள் கேட்கும்வரை காத்திருக்காமல், மாதம் பிறந்ததும் மளிகையோடு சேர்த்து வாங்கி அவள் அலமாரியில் வைத்துவிடுங்கள். “இதைப் பற்றி நீ என்னிடமும் பேசலாம், அத்தையிடமும் பேசலாம்” என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு நெருக்க வேண்டாம். மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போகலாம். உள்ளே சென்றதும் மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, மகள் தனியாகப் பேச விரும்பினால் சிறிது நேரம் வெளியே காத்திருங்கள். மருந்துச் சீட்டை வாங்கும்போது மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாள் என்பதை அவளுக்கும் சேர்த்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.