பிரஷ் கட்டர் இன்ஜினில் விமானம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 43 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. தண்டு உடைந்துவிட்டது, இன்ஜின் நன்றாக ஓடுகிறது. இதை ரேடியோ கன்ட்ரோல் விமானத்தில் பொருத்தலாமா? எதிலிருந்து தொடங்குவது?
– குடியாத்தம் வாசகர்

பதில்: பொருத்தலாம். முதலில் கிராங்கைப் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பாருங்கள். கயிறு ஸ்டார்ட்டரைக் கழற்றினால், அந்தப் பக்கமும் கிராங்க் தண்டு ஆயில் சீல் வழியே வெளியே வந்திருக்கிறதா? வந்திருந்தால் இரண்டு பக்கமும் பேரிங் உள்ள முழு கிராங்க், கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் தாங்கும் அரைக் கிராங்க் இன்ஜின்களும் பறக்கின்றன. ஆனால் விமானம் மூக்குக் குத்தி விழுந்தால் முதலில் வளைவது அந்தக் கிராங்க்தான்.

ஸ்டார்ட்டர், கிளட்ச் டிரம், கிளட்ச் ஷூ, பிளாஸ்டிக் மூடி, பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். மேக்னெட் (கிராங்க் தண்டோடு சுற்றும் காந்தச் சக்கரம்), காயில் (பிளக்குக்குப் பொறி தரும் சுருள்), கார்புரேட்டர், அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கருப்பு இன்சுலேட்டர் கட்டை ஆகியவை இருக்கட்டும். அந்தக் கட்டையை எடுத்துவிட்டால் சிலிண்டர் சூடு நேரே கார்புரேட்டருக்கு ஏறும். சைலன்சரையும் கழற்றாதீர்கள்.

வேலையின் உயிர்நாடி புரொப்பெல்லர் ஹப், அதாவது புரொப்பெல்லரை கிராங்க் தண்டோடு இணைக்கும் துண்டு. கிளட்ச் ஷூவைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டிலேயே புரொப்பெல்லரை முறுக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். அந்த இரண்டு துளைகளும் சென்டர் பிடிக்கத் துளைத்தவை அல்ல. 6061 அலுமினியத்தில் லேத்தில் கடைந்த ஹப், கிராங்க் தண்டின் மேலேயே இறுக்கமாக உட்கார்ந்து சென்டர் ஆகவேண்டும். போல்ட்டுகள் அழுத்திப் பிடிக்க மட்டுமே. லேத் பட்டறைக்குப் போகும்போது இன்ஜினையே கொண்டுபோங்கள், அளவை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஹப் முகப்பில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மி.மீ. தாண்டக்கூடாது. புரொப்பெல்லரைப் போட்டபின் இரண்டு நுனிகளும் ஒரே தடத்தில், 2 மி.மீ. வித்தியாசத்துக்குள் போகவேண்டும்.

மேக்னெட்டைத் திரும்ப மாட்டும்போது கிராங்கின் கூம்புப் பகுதியையும் மேக்னெட்டின் உட்புறத்தையும் தின்னர் தொட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் உலர்ந்த நிலையில் மாட்டுங்கள். விசையைத் தாங்குவது அந்தக் கூம்புப் பிடிப்பு. சின்ன அரைவட்டச் சாவி டைமிங்கை (பொறி விழும் நேரம்) இடத்தில் வைக்க மட்டுமே இருக்கிறது. நட் தளர்ந்திருந்தால் ஒரே ஒரு எதிர் உதையில் சாவி வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்துவிடும். பிறகு இன்ஜின் பட்பட்டென்று வெடிக்குமே தவிர ஓடாது. காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் இடைவெளி 0.3 மி.மீ.; விசிட்டிங் கார்டை நடுவே வைத்து இறுக்கினால் சரியாக வரும்.

எடை குறைக்க மேக்னெட்டின் இறக்கைகளைக் கடைந்து எடுப்பவர்கள் உண்டு. முதல் இன்ஜினில் வேண்டாம். பேலன்ஸ் தவறினால் அந்த அதிர்வு சர்வோ (த்ராட்டில் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்) வரைக்கும் போகும்.

கேள்வி: எந்த அளவு புரொப்பெல்லர்? எவ்வளவு பெரிய விமானம்?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன்பே, பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து, கிராங்க் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று புரொப்பெல்லர் வரும் பக்கத்துக்கு முன்னால் நின்று பாருங்கள். இடஞ்சுழி என்றால் சாதாரண புரொப்பெல்லர், வலஞ்சுழி என்றால் எதிர்ப்பக்கம் சுற்றும் புஷர் வகை. 43 சிசிக்கு 18x8 (18 அங்குல விட்டம், 8 அங்குல பிட்ச்) மரப் புரொப்பெல்லரில் தொடங்குங்கள். தரையில் நிமிடத்துக்கு 6500 சுற்று வந்தால் ஏறக்குறைய 6 கிலோ இழுவிசை கிடைக்கும். 6000 தாண்டாவிட்டால் 18x6க்கு இறங்குங்கள். 2 மீட்டருக்குக் குறையாத இறக்கை, 6 முதல் 7 கிலோ எடை என்றால் நிதானமாகப் பறக்கும். செங்குத்தாக ஏறும் சாகசத்தை இதனிடம் எதிர்பார்க்கவேண்டாம்.

கேள்வி: தரையில் பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறினால்தான் மறுபடி கிளம்புகிறது. கார்புரேட்டரை மாற்றவேண்டுமா?
– காட்பாடி வாசகர்

பதில்: மாற்றும் முன், நின்ற அதே சூட்டில் பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் தொடவைத்து, புரொப்பெல்லரைச் சுற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் பக்கத்தில் இருக்கக்கூடாது. பொறி வரவில்லை என்றால் காயில் போய்விட்டது. பொறி இருந்து பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: ஆவி அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் (ரப்பர் போன்ற சவ்வு) விறைத்திருக்கிறது. நனைந்திருந்தால் கலவை அதிகம்.

வேலூர் மாவட்டக் கோடையில் பெரும்பாலும் காரணம் வேறு. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் மேக்னெட் இறக்கைகள் தள்ளும் காற்று சிலிண்டருக்குப் போவதில்லை. புரொப்பெல்லரின் நடுப்பகுதியும் அதிகக் காற்றைத் தள்ளாது. எனவே தரையில் அரை த்ராட்டிலில் நீண்ட நேரம் ஓட்டுவதைக் குறையுங்கள். கவ்லுக்குள் (விமான மூக்கின் இன்ஜின் மூடி) இன்ஜின் இருந்தால், வரும் காற்று சிலிண்டரின் ஃபின்களுக்குள் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) புகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். மெல்லிய அலுமினியத் தகட்டால் தடுப்பு வைத்துக் காற்றை ஃபின்களுக்குள் திருப்புங்கள். வெளியேறும் வழி, நுழையும் வழியைவிட இரண்டு மடங்காவது பெரிதாக இருக்கட்டும்.

கேள்வி: த்ராட்டிலுக்கு சர்வோவை இணைத்தால் இறுகிப்போகிறது. ரிசீவரும் சில நேரம் தடுமாறுகிறது.
– ஆம்பூர் வாசகர்

பதில்: உங்களுடையது உருளை வால்வு கார்புரேட்டராக இருக்கவேண்டும். அதில் லீவர் சுற்றும்போதே மேலேயும் எழும்பும். நேர்க் கம்பி போட்டால் பிடித்துக்கொள்ளும். எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டான பால் லிங்க் போடுங்கள். உருளையை கேமின் மேல் அழுத்தி வைக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிடாதீர்கள். கம்பி உலோகமாக இல்லாமல் நைலானாக இருந்தால், காயில் இரைச்சல் அதன் வழியே சர்வோவுக்கு வராது. பிளக் ரெசிஸ்டர் வகை (பிபிஎம்ஆர்7ஏ), ரிசீவர் காயிலிலிருந்து 30 செ.மீ. தள்ளி. சிக்னல் போனால் த்ராட்டில் ஐட்லுக்கு வர ஃபெயில்சேஃப் வையுங்கள். காயிலின் ஸ்டாப் வயரை எர்த் செய்யும் ஸ்விட்ச், புரொப்பெல்லருக்குப் பின்னால் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தே ஆகவேண்டும்.

கேள்வி: பாலாற்று மணலில் பறக்கவிடலாமா?
– வாலாஜாப்பேட்டை வாசகர்

பதில்: மணல் கார்புரேட்டருக்குள் போனால் சிலிண்டர் கீறிவிடும். ஏர் ஃபில்டரோடு ஓட்டுங்கள், தார்ப்பாயின் மேல் ஸ்டார்ட் செய்யுங்கள். 2021 டிரோன் விதிகளில், 25 கிலோவுக்கு மேற்படாமல் பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறப்பது மாடல் வகை. அதற்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். ஆனாலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்தாகவேண்டும். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது என்பதை அந்தப் பக்கத்து வாசகர்கள் மறக்கக்கூடாது.

கேள்வி: பெட்ரோலில் எவ்வளவு ஆயில்? குளோ இன்ஜினின் (மெத்தனாலில் ஓடும் மாடல் இன்ஜின்) சிலிக்கான் டியூப் போதுமா?
– பேரணாம்பட்டு வாசகர்

பதில்: புது இன்ஜினுக்கு லிட்டருக்கு 40 மி.லி. டூடி ஆயில், பழகியபின் 31 மி.லி. சிலிக்கான் டியூப் பெட்ரோலில் ஊதி வழுக்கிக் கழன்றுவிடும். டைகான் அல்லது வைட்டான் டியூப் போடுங்கள். டேங்க் கார்க்கும் பெட்ரோல் தாங்கும் வகையாக இருக்கட்டும். இன்றைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், டயாப்ரத்தை விறைக்கவைக்கும். பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் உள்ளது தீரும்வரை ஐட்லில் ஓடவிடுங்கள்.