கிருபை என்றுமுள்ளது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அம்மா சென்ற வருடம் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்கப் படுக்கையும் வலியும்தான். நினைவு ஆராதனையில் போதகர் 136ஆம் சங்கீதத்தை வாசித்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் சபையார் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரே வரியை 26 முறை சொல்வது முகஸ்துதி மாதிரி இருந்தது. எகிப்தியரின் தலைப்பிள்ளைகளைக் கொன்றதற்கும் அதே பதிலைச் சொல்கிறோம், அது எப்படிக் கிருபையாகும்? எங்கள் வீட்டு வசனக் காலண்டரில் "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா வலியோடு கண்விழித்த காலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. நான் விசுவாசத்தை இழந்துகொண்டிருக்கிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் கேட்பவை வேதத்துக்கு வெளியே நின்று கேட்கும் கேள்விகள் என்று நினைக்காதீர்கள். அந்தக் கவிதைகளை எழுதியவர்களே இவற்றைக் கேட்டிருக்கிறார்கள், அதுவும் உங்களைவிடக் கடுமையாக.

காலண்டர் வசனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புலம்பல் 3ஆம் அதிகாரத்தில் 22, 23ஆம் வசனங்களில் வருகிறது. காலண்டர் போடுகிறவர்கள் சூரியோதயப் படத்துக்கு மேல் அதை அச்சடிக்கிறார்கள், ஆனால் அந்த வரி பிறந்தது கரிந்துபோன ஒரு நகரத்தில். கி.மு. 587 அல்லது 586இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை நீண்ட முற்றுகைக்குப் பிறகு எருசலேமைப் பிடித்தது, ஆலயத்தைக் கொளுத்தியது, மதிலை இடித்தது, எஞ்சியவர்களில் பலரைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனது. அந்த அழிவைப் பற்றிய ஐந்து கவிதைகள்தான் புலம்பல். முற்றுகையின் பசியில் தாய்மார் தங்கள் பிள்ளைகளையே சமைத்ததை 4ஆம் அதிகாரம் சொல்கிறது, அந்தக் கைகளை இரக்கமுள்ள கைகள் என்றே சொல்கிறது. அவர்களைப் பழிக்கக் கவிஞருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போவதற்கு எனக்கு எப்போதும் நேரமாகும்.

இந்தக் கவிதைகளின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். எபிரெய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். முதல் இரண்டு கவிதைகளிலும் நான்காவதிலும் எழுத்துக்கு ஒரு வசனமாக 22 வசனங்கள், வரிசையாக அந்தந்த எழுத்தில் தொடங்குகின்றன. நடுவில் உள்ள மூன்றாவது கவிதையில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக மொத்தம் 66. ஐந்தாவதிலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அந்த இடத்துக்கு வரும்போது அடுக்கிச் சொல்லும் தெம்பு தீர்ந்துபோய்விட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். உங்கள் காலண்டர் வசனம் மூன்றாவது கவிதையில் எட்டாவது எழுத்தில் வருகிறது, அதாவது கவிதையின் மூன்றில் ஒரு பங்கு தாண்டும் இடத்தில். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் கூப்பிட்டுக் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்கிறது. பதுங்கியிருக்கும் கரடியைப் போல அவர் எனக்கு ஆனார் என்கிறது. பருக்கைக் கற்களால் என் பல்லை நொறுக்கினார் என்கிறது. 18ஆம் வசனத்தில் என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார். இதெல்லாம் கடவுளின் எதிரி பேசியதல்ல. நான்கு வசனம் தள்ளி, அதே ஆள், அதே வாயால், "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்கிறார்.

நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. உதவிக்குப் படை வரவில்லை, சாப்பாடு வரவில்லை, இறந்தவர்கள் எழுந்து வரவில்லை. பட்டதையெல்லாம் நினைத்து நினைத்து உள்ளுக்குள் உடைந்துபோகிறேன் என்கிறார், அடுத்த வசனத்திலேயே இன்னொன்றையும் மனதில் கொண்டுவருகிறார், அவ்வளவுதான். சரி, அதோடு சமாதானம் ஆகிவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. இருபது வசனம் தாண்டி, எங்கள் ஜெபம் உள்ளே வராதபடி நீர் உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர் என்று மறுபடியும் குற்றம் சாட்டுகிறார். முழுப் புத்தகமும் முடிவது, எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற பொருளில் வரும் வரியோடு. ஆலயம் அழிந்ததை நினைவுகூரும் நாளான ஆபு என்னும் யூத மாதத்தின் ஒன்பதாம் நாளில் யூதர்கள் உபவாசம் இருந்து, தரையிலோ தாழ்வான இருக்கையிலோ உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில் இந்தப் புத்தகத்தை முழுவதும் வாசிக்கிறார்கள். அந்தக் கடைசி வரியோடு முடிக்க மனம் வராமல் அதற்கு முந்தைய வசனத்தை இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த வரியை யாரும் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை.

ஆகவே அந்த வசனத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு அம்மாவின் வலி நினைவுக்கு வருகிறதென்றால், காலண்டர் அச்சடித்தவரைவிட நீங்கள் அந்தக் கவிஞருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவருக்கும் விடிகிற ஒவ்வொரு காலையும் இடிந்த நகரத்தின் மேல்தான் விடிந்தது.

அப்புறம் 136ஆம் சங்கீதம். முகஸ்துதி என்று உங்களுக்குத் தோன்றியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன், இயந்திரம் போலச் சொன்னால் எந்த வரியும் அப்படித்தான் ஆகும். ஆனால் இந்தச் சங்கீதத்தில் கவிதையின் உழைப்பு நடப்பது முதல் பாதி வரியில், பதில் வரியில் அல்ல. வானம், பூமி, சூரியன், சந்திரன் என்று நிதானமாகத் தொடங்குகிறது. பிறகு எகிப்து. பிறகு வனாந்தரம். 40 வருட அலைச்சல், பொன் கன்றுக்குட்டி, தாகம், முறுமுறுப்பு, ஒரு தலைமுறையே வழியில் செத்து விழுந்தது, இவ்வளவுக்கும் கிடைப்பது ஒரே ஒரு வரி, தம்முடைய ஜனங்களை வனாந்தரத்தில் நடத்தினவரை என்று. சீனாய் மலையைப் பற்றியோ நியாயப்பிரமாணத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. 23ஆம் வசனத்துக்கு வரும்போது பெயர்களும் நின்றுவிடுகின்றன. "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்" என்கிறது. எந்தத் தாழ்வு, எந்த வருடம், எந்த எதிரி என்று சொல்வதில்லை. அதுவரை சீகோன், ஓகு என்று தோற்ற ராஜாக்களைக்கூடப் பேர் சொல்லிக்கொண்டு வந்த பாட்டு அங்கே மட்டும் இடம் விட்டு வைக்கிறது. உங்கள் அம்மாவின் அந்த ஒரு வருடம் அந்த இடத்தில் வைக்கப்பட வேண்டியதுதான். வைக்க முடியும் என்று தோன்றும்போது வையுங்கள், அவசரமில்லை.

தலைப்பிள்ளைகள் பற்றிய வரி கடினமான வரி. அதை மழுப்ப நான் தயாராக இல்லை. அது அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் பாடிய பாட்டு. அவர்களுடைய ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்னவன் பார்வோன். அவர்கள் வாயில் இந்த வரி எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் புரிவதால் எகிப்தில் அன்றிரவு அழுத தாய்மாரின் கண்ணீர் கணக்கில் வராமல் போய்விடாது. யூத மரபே இதை உணர்ந்திருக்கிறது. செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது தேவதூதர்கள் பாடப் புறப்பட்டார்கள் என்றும், என் கைகளின் படைப்பு கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா என்று கடவுள் அவர்களைத் தடுத்தார் என்றும் யூத ரபிகளின் பழைய நூலான தல்மூதில் ஒரு கதை உண்டு. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா இரவு விருந்தில், எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை எடுத்துவிடுகிறார்கள். எதிரிகள் பட்ட துன்பத்துக்காக நம் சந்தோஷமும் குறையட்டும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். வீட்டின் தலைப்பிள்ளைகள் அதற்கு முந்தைய பகலில் உபவாசம் இருப்பதும் வழக்கம். பிறகு அதே மேசையில், அதே இரவில், சாப்பாட்டுக்குப் பின் இந்த 136ஆம் சங்கீதம் பாடப்படுகிறது. துளியைக் கொட்டாமல் இந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். நம் சபைகளில் பாட்டு மட்டும் வந்து சேர்ந்தது, அந்தத் துளி வரவில்லை.

சங்கீதமும் அந்த வரியோடு நின்றுவிடுவதில்லை. 25ஆம் வசனம் "மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவரை" என்கிறது. யாவுக்கும் என்றால் எகிப்தியனுக்கும்தான், அவன் மாட்டுக்கும்தான். இந்தச் சங்கீதத்துக்கு யூத மரபில் பெரிய அல்லேல், அதாவது பெரிய துதிப்பாட்டு, என்று பெயர். ஏன் பெரியது என்று கேட்டதற்கு, உலகத்தின் உச்சியில் அமர்ந்திருப்பவர் ஒவ்வொரு உயிருக்கும் உணவைப் பங்கிட்டுத் தருகிறார் என்று சொல்லும் பாட்டு இது என்பதால் என்று தல்மூதின் ரபிகளில் ஒருவரான யோகனான் பதில் சொன்னார். கடல் பிளந்ததை அவர் காரணமாகச் சொல்லவில்லை, சோற்றைத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும்.

உங்களுக்கு 89ஆம் சங்கீதத்தையும் காட்ட வேண்டும், இதைத்தான் நம் ஊர் மேடைகளில் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். "கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன்" என்று தொடங்குகிறது, தாவீதுக்குக் கடவுள் செய்த சத்தியத்தை வரிவரியாகச் சொல்கிறது. அவன் பிள்ளைகள் தவறினால் தண்டிப்பேன், ஆனாலும் என் கிருபையை விலக்க மாட்டேன், சூரியனைப்போல் அவன் சிங்காசனம் நிலைத்திருக்கும் என்று 37 வசனம். 38ஆம் வசனத்தில் "ஆனாலும் நீர்" என்று திரும்புகிறது. நீர் தள்ளிவிட்டீர், உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையில் போட்டீர். எழுதிக் கொடுத்த பத்திரத்தை எழுதியவர் முன்னாலேயே விரித்துவைத்து, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்பதுபோல இருக்கிறது அந்தப் பகுதி. கடைசியில், முன்பு நீர் சத்தியம் செய்த அந்தக் கிருபைகள் எங்கே என்று நேராகவே கேட்டுவிடுகிறார். பதில் இல்லை. ஒரு ஸ்தோத்திர வரி இருக்கிறது, ஆனால் அது சங்கீதங்களின் மூன்றாம் புத்தகத்தை முடித்துவைக்கும் வரி, கேள்விக்குப் பதில் அல்ல.

இதற்கு முந்தைய 88ஆம் சங்கீதம் இன்னும் இருட்டானது. மற்ற பல புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு திருப்பம் வரும். இதில் வராது, இருளிலேயே முடிகிறது. பிரேதக்குழியில் உம் கிருபையைப் பற்றிப் பேசுவார் உண்டா என்று கேட்கிறது. நோயாளியின் குரல் அது, சின்ன வயதிலிருந்தே சாவின் விளிம்பில் இருக்கிறேன் என்று சொல்லும் ஒருவருடைய குரல். உங்கள் அம்மா அந்த ஒரு வருடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அங்கே நீங்கள் கேட்கக்கூடும்.

என் எண்ணம் இதுதான். இந்தக் கவிஞர்களுக்குக் கிருபை என்பது கடவுள் வாயால் கொடுத்த வாக்கு. வாக்குக் கொடுத்தவரிடம்தான் எங்கே என்று கேட்க முடியும். கொடுக்காதவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அதனால் எங்கே என்று கேட்பவரும் என்றுமுள்ளது என்று பாடுபவரும் ஒரே வாக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் பல நேரம் இருவரும் ஒரே ஆள்.

எரேமியா தீர்க்கதரிசி எருசலேமில் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்தபோது, வெளியே முற்றுகை நடந்துகொண்டிருந்தது, எதிரியைத் தடுக்க மக்கள் தங்கள் வீடுகளையே இடித்துக்கொண்டிருந்தார்கள். பாழாய்ப் போகும் இந்த இடத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பாடுகிறவர்களின் சத்தம் திரும்பவும் கேட்கும் என்று அப்போதுதான் அவர் சொன்னார். சுமார் 50 வருடம் கழித்து, பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில் லேவியர் அதே வரியை மாறிமாறிப் பாடினார்கள், எஸ்றா 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பலர் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுதார்கள். எது சந்தோஷச் சத்தம், எது அழுகைச் சத்தம் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை என்கிறார் எழுதியவர். யாரும் அந்தக் கிழவர்களைப் பார்த்து, அழாதே, விசுவாசம் இல்லையா என்று கேட்கவில்லை.

அடுத்த முறை சபையில் இந்தச் சங்கீதம் வரும்போது உங்களால் சொல்ல முடியாவிட்டால் சொல்ல வேண்டாம். மாறிமாறிப் பாடும் பாட்டில் ஒருவர் வாய் மூடியிருந்தாலும் வரி நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். வீட்டில் 88, 89 இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், நடுவில் நிறுத்தாமல். வாசித்துவிட்டு எழுதுங்கள். அம்மாவைப் பற்றியும் எழுதுங்கள், அவர்களுக்குப் பிடித்த சங்கீதம் எது என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்