சடங்குக்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நீங்கள், மெய்யான கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தது எப்படி?

கேட்டவர் பரம்பரைக் கிறிஸ்தவராம். ஞாயிறு தவறாமல் போகிறாராம், உள்ளே ஒன்றுமே நடக்கவில்லையாம். போவதையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். நான் அப்படி இருபத்தைந்து வருடம் போனவள்.

எனக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் பக்கம். 192 அடி உயரக் கோபுரம் உள்ள அந்த ஆலயத்தைப் பார்த்தே வளர்ந்தோம். எங்கள் பக்கம் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில்தான். பதினாறு வயதில் திடப்படுத்தல், அதாவது சபையில் விசுவாசத்தை அறிக்கை செய்து நற்கருணைக்குத் தகுதி பெறுகிற சடங்கு. அதன்பின் மாதத்தின் முதல் ஞாயிறு வெள்ளைச் சேலை, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நற்கருணை. பாமாலை, கீர்த்தனைப் புத்தகம், வேதாகமம் மூன்றும் ஒரே பையில். சங்கக் காணிக்கை பாக்கி வைத்ததே இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய்க் குலையை யாரும் கொடுக்காத விலைக்கு எடுத்திருக்கிறேன். கர்த்தருக்காக இல்லை. எதிரில் என் மைனி, அண்ணன் பெண்டாட்டி, ஏலம் கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்காக.

அந்தக் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2008-ல் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்து, "ஒண்ணு உனக்கு, ஒண்ணு மைனிக்கு" என்றாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் அண்ணனிடம், "அம்மா ரெண்டையும் எனக்குத்தான் குடுத்தா" என்றேன். அண்ணன் நம்பினான். மைனி நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு அவள்மேல் கோபம். தப்புச் செய்தவளுக்கு வருகிற கோபம் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் நற்கருணை ஆராதனையில் சமாதானம் கூறுதல் என்று ஒன்று உண்டு. எங்கள் சபையான தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாகி, 1950-ல் தனக்கென்று ஆராதனை முறை எழுதியபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, இடது கையால் அடுத்தவர் கையை மூட வேண்டும். ஐயரிடமிருந்து (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தொடங்கி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரும். மைனி எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவாள். பதினோரு வருடம் இடமும் வலமும் பின்னாலும் கை கொடுத்தேன், முன்னால் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் கைப்பைக்குள் எதையாவது தேடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

2019-ல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், ஒரு சாயங்கால ஆராதனையில் ஐயர், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிச் சொன்னார். ஆக்ஸ்போர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர், உபவாசம் இருந்தவர், சிறைக் கைதிகளைத் தேடிப் போனவர். 1735-ல் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகக் கப்பல் ஏறினார். வழியில் புயல். இவர் நடுங்க, கூட வந்த மொரேவியர்கள் என்ற ஜெர்மன் கிறிஸ்தவர்கள் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார்களாம். குரு பட்டம் வாங்கியவருக்கே சாவைப் பார்த்துப் பயம் என்றால் நான் எந்த மூலைக்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான், வீட்டுக்குப் போய் இட்லிக்கு மாவு கரைத்தேன்.

அடுத்து வந்த நற்கருணை ஞாயிறு என் மகள், அப்போது பத்து வயது, கோயிலுக்குள்ளேயே சத்தமாகக் கேட்டாள்: "அம்மா, நீ அத்தைக்குக் கை குடுக்கல?"

மைனியின் முதுகு அசையவில்லை. காதில் விழுந்திருக்கும்.

அன்றைக்கு நான் நற்கருணைப் பந்திக்கு எழுந்து போகவில்லை. பதினாறு வயதுக்குப் பிறகு முதல் தடவை. எங்கள் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை, வாசலில் நாலு பேர் "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். உட்கார்ந்த இடத்தில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது பாவ அறிக்கை ஜெபம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக் கூடாததைச் செய்தோம் என்று வாரா வாரம் ரயில் வேகத்தில் ஒப்பித்த வரிகள். அன்றைக்கு அந்த ஓம் விகுதி உறுத்தியது. செய்தோம் இல்லை, செய்தேன்.

ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து லூக்கா 19 வாசித்தேன். அநியாயமாய்ப் பணம் சேர்த்த வரி வசூல்காரன் சகேயுவின் கதை. ஞாயிறு பள்ளியில் நடித்தே இருக்கிறேன், மரத்தின்மேல் ஏறுகிற பையனுக்குக் கீழே நிற்கிற கூட்டத்தில் ஒருத்தியாக. நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான் சகேயு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மைனியின் வளையல் ஒன்றரைப் பவுன், அதற்கு நாலத்தனை ஆறு பவுன். வீட்டுக்காரர் மயங்கி விழுந்திருப்பார். ஆனால் கணக்கைவிட வேறொன்று கண்ணில் பட்டது. 'திருப்பிக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்' என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் சகேயு பணத்தைப் பற்றியே வாய் திறக்கிறான். நான் இத்தனை வருடமும் மனசுக்குள் வைத்திருந்தது தலைகீழ் வரிசை. என்னைச் சரி செய்துகொண்டு அவரிடம் போக வேண்டும், அதுவரை வெள்ளைச் சேலையும் காணிக்கையும் போட்டு ஒப்பேற்ற வேண்டும்.

"அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிக்காமல் அன்றைக்குத்தான் முதலில் ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. ரொம்ப நேரம் இல்லை, பத்து நிமிஷம் இருக்கும். திருடி என்று எனக்கு நானே சொன்னதும், அப்படிச் சொன்னபிறகும் துரத்தப்படவில்லை என்று தெரிந்ததும்தான் அதில் முக்கியம்.

மறுநாள் காலை வளையலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பொய்யையும் சொல்லிவிட்டேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மைனி வளையலைத் தொடவில்லை. "இதுக்குப் பதினோரு வருசமா?" என்றாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. அந்த ராத்திரியின் உணர்வு அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், எனக்கு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வெஸ்லியும் 1738 மே 24-ஆம் தேதி லண்டன் கூட்டம் ஒன்றில் தன் இருதயம் விசித்திரமாய் அனல்கொண்டது என்று எழுதிவைத்தவர்தான். அடுத்த ஜனவரியில் அதே நாட்குறிப்பில் தான் கிறிஸ்தவனே இல்லை என்று எழுதினார். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆறுதல். உங்கள் சபை செத்த சபை, வெளியே வா என்று கூப்பிட்ட சிநேகிதிகளும் உண்டு. நான் போகவில்லை. மனப்பாடமாக இருந்த அந்த ஜெபம் இல்லாவிட்டால் அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்த எதுவும் இருந்திருக்காது. அதனால் போவதை நிறுத்தாதீர்கள் என்பேன். ஆனால் வாய் சொல்வதைக் காது கேட்கட்டும்.

மைனி அந்த வளையலை இன்னும் போடவில்லை. போன மாத நற்கருணையில் சமாதானம் எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது அவளாகவே திரும்பினாள். வலது கையைத் தந்தாள். இடது கை வரவில்லை. நான் இரண்டையும் கொடுத்தேன்.