சிங்குவே தேரேக்குத் தனி விசா வேண்டுமா?

கிளிநொச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். சூரிச்சில் வாழும் மகளிடம் ஒரு மாதம் தங்கப்போகும் அவரையும் கணவரையும், இத்தாலியின் சிங்குவே தேரே என்னும் ஐந்து கடலோர ஊர்களுக்கு மூன்று நாள் அழைத்துச்செல்ல மகள் எண்ணியிருக்கிறார். இத்தாலிக்குத் தனி விசா வேண்டுமென்று முகவர் இன்னுமொரு தொகை கேட்கிறாராம். முழங்கால் நோவோடு அங்கே நடக்கலாமா என்பதும் அவருடைய கவலை.

அம்மா, அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள். இரு நாடுகளும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்துக்குள் இருப்பதால், அதிக நாள் தங்கும் நாடான சுவிற்சர்லாந்து தரும் ஒரே விசாவே போதும். விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. தூதரகத்துக்குள் ஆள் இருக்கிறதென்று சொல்லி வாங்கும் பணம் முகவரின் பைக்கே போகும். இதிலும் கொடியது, உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு கிழமைக்குக் கடன்பணம் போட்டுக் காட்டுவது. அதிகாரிகள் பல மாத வரவுசெலவைப் பார்ப்பார்கள். ஓய்வூதியம் மாதாமாதம் விழும் கணக்கை உள்ளபடியே கொடுங்கள். நிராகரிப்பு ஒன்று பதிவானால் எல்லா ஷெங்கன் நாடுகளும் அதைப் பார்க்கும்.

அரசகரும மொழியான தமிழில் அரசே தந்த பிறப்புச் சான்றிதழையும் சொந்தக் காசில் மொழிபெயர்க்க வைத்து, சந்தேகம் கேட்கவும் ஆளில்லாமல் விடும் இந்த ஒழுங்குதான் முகவர்களை வளர்க்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இடையில் இலண்டன் உறவினரிடமும் போய்வர எண்ணினால் கதை வேறு. பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். அதோடு, ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாவுடன் இலண்டன் போனவர் சூரிச்சுக்குத் திரும்ப முடியாது. ஆகவே விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவைக் கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள். இலண்டனை ஊர் திரும்பும் வழியில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

முழங்காலுக்கு அஞ்சவேண்டாம். ஐந்து ஊர்களையும் ரயில் இணைக்கிறது; அடுத்தடுத்த ஊர்களுக்குச் சில நிமிடங்களே. கொர்னிலியா மட்டும் கடலுக்கு ஏறத்தாழ 100 மீற்றர் மேலே பாறை முகட்டில் இருக்கிறது. நிலையத்திலிருந்து 380 படிகள் வரை ஏறவேண்டும். சிறு பஸ் உண்டெனினும் கூட்ட நாட்களில் அதை நம்பாதீர்கள். சமதரை அதிகமுள்ள மொந்தெரோஸ்ஸோவில் தங்குங்கள். கடதாசிப் பயணச்சீட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம். மலைப்பாதையில் றப்பர் செருப்புக்கும் அபராதம் உண்டு.

ரயிலில் எல்லைப் பொலிஸார் சோதிக்கக்கூடும். கடவுச்சீட்டுகளை மகள் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.