தரவைக் காட்டினால் கோபம் வருவது ஏன்?

கேள்வி: நன்கு படித்தவர்கள்கூடப் பருவநிலை மாற்றத்தை மறுக்கிறார்களே? புள்ளிவிவரம் காட்டினால் இன்னும் முறுக்கிக்கொள்கிறார்கள்.

பதில்: படிப்பு இதற்கு மருந்தல்ல. 2012-இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் கஹான் குழு அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடையேதான் பருவநிலை ஆபத்து பற்றிய கருத்துப் பிளவு அதிகம். தன் கூட்டத்துக்கு வக்காலத்து வாங்கவே அந்தத் திறமை செலவாகிறது!

பல நேரம் கசப்பது நோயல்ல, மருந்து. 2014-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், தீர்வு அரசுக் கட்டுப்பாடு என்றபோது, அதைப் பொதுவாக விரும்பாத அமெரிக்கக் குடியரசுக் கட்சியினரில் 22% பேரே வெப்பநிலை உயர்வை ஏற்றனர். சந்தைவழித் தீர்வு என்றதும் 55%.

எனவே, எந்தத் தீர்வு அவரை உறுத்துகிறது என்று முதலில் கேளுங்கள். ‘இவ்வளவு குளிரில் எங்கே வெப்பமயமாதல்?’ என்றால், அதையே திருப்பிச் சொல்லித் தொடங்காதீர்கள். உண்மை முதலில் வரட்டும். பருவநிலை என்பது வழக்கமாக 30 ஆண்டு வானிலையின் சராசரி, சில நாள் குளிரல்ல என்று ஆரம்பியுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம்; தனியே பேசுங்கள்.