ஞாயிற்றுக்கிழமை எலும்பு, திங்கட்கிழமை சூப்

கேள்வி: ஒரு கிலோ கோழி எடுத்தால் நாங்கள் நாலு பேர் சாப்பிட்டது போக கழுத்து, முதுகு, கொஞ்சம் நெஞ்சுக்கறி எப்போதும் மீந்துவிடுகிறது. மறுநாள் அதைக் காய்கறியோடு வேகவைத்து சூப் வைத்தால் கறி சக்கையாகவும் சூப் வெறும் மஞ்சள் தண்ணீராகவும் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
- வாசகி, திருச்சி

பதில்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுகிறீர்கள், அதுதான் தப்பு. எலும்புக்கு நேரம் வேண்டும், கறிக்கு வேண்டாம், அது நேற்றே வெந்துவிட்டது. முதலில் கறியைக் கையாலேயே பிய்த்து ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எலும்பு, மூட்டு, தோல் மட்டும் குக்கருக்குப் போகட்டும். எலும்பு முழுகி அதற்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, விசில் வந்ததும் சிம்மில் 30, 40 நிமிடம் விடுங்கள். பாத்திரத்தில் வைப்பதென்றால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அப்போது தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள், கொழுப்பு தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிப்போகும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும்.

இவ்வளவு நேரம் எதற்கென்றால், மூட்டிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாற வேண்டும், சூப்புக்கு உதட்டில் ஒட்டுகிற அந்தக் கனம் அதனால்தான் வருகிறது. சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. வடிகட்டி ஆறவைத்து ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் கிண்ணத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஜெல்லி மாதிரி மொத்தமாக அசையும். மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஏடு கட்டியிருக்கும், கரண்டி நுனியால் நெம்பினால் அப்பளம் போல உடைந்து வந்துவிடும். எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே திங்கட்கிழமைக் களைப்பு பாதி போய்விடும்.

இப்போது காய்கறி. காலிஃபிளவர் தண்டு, பீன்ஸ், வாடின கேரட், கடைசி அரைத் தக்காளி எல்லாம் போடலாம். கொத்தமல்லித் தண்டைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. அதை நூலால் கட்டி எலும்போடு போட்டுவிட்டு, வடிகட்டும்போது எடுத்துவிடுங்கள். முட்டைக்கோஸ் நேரமானால் கந்தக வாடை அடிக்கும், அதனால் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போட வேண்டும். பீட்ரூட்டும் பாகற்காயும் வேண்டவே வேண்டாம். காய் வெந்த பிறகு பிய்த்த கறியைப் போட்டு, நன்றாக ஆவி பறக்கிற அளவு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். உப்பும் கடைசியில்தான், முதலிலேயே போட்டால் சுண்டச் சுண்டக் கரித்துவிடும்.

கேள்வி: மட்டன் குழம்பில் மீந்த துண்டுகளைக் கழுவி சூப் வைக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கழுவாதீர்கள், ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மசாலா ஏறின கறியில் வெள்ளைக்காரர் சூப் மாதிரி வராது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம். நாலு சின்ன வெங்காயம், பூண்டு, இடித்த மிளகு சீரகம் போட்டு மிளகுத்தண்ணி பக்கம் கொண்டுபோங்கள். நம் மிளகுத்தண்ணியில் கறியைப் போட்டுத்தான் அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் முல்லிகடானி என்று ஒரு சூப்பே ஆக்கிக்கொண்டார்கள், அந்தப் பெயரும் நம்முடையதுதான். கெட்டியாக வேண்டுமென்றால் சோள மாவு கூடத் தேவையில்லை, ஒரு கைப்பிடி வெந்த துவரம்பருப்பை மசித்து விடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு என்றால் மட்டும் மறுநாளைக்கே வைத்துக்கொள்ளாதீர்கள், அது சீக்கிரம் கெட்டுப்போகும்.

கேள்வி: ராத்திரி வெளியிலேயே இருந்துவிட்ட கறியை நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும் என்கிறார் என் மாமியார். சரியா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லைங்க. உங்கள் அத்தை தப்பாகச் சொல்லவில்லை, அவர் மனதில் இருப்பது புளிக்குழம்பு. புளிப்பு கிருமியை அவ்வளவு எளிதில் வளரவிடாது, அதோடு படுக்கப் போகும் முன்பும் விடிந்ததும் சுண்டவைப்பார்கள். கறியிலும் சூப்பிலும் அந்தப் புளி இல்லை. சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு கொதித்தாலும் அழியாது, வாடை வராமலும் இருக்கும். சமைத்த கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரி தாண்டும் நம் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்தான். மூக்கை நம்பாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

நானே ஒருமுறை ஐந்து லிட்டர் பாத்திரம் நிறைய எலும்புச் சாறை அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வைத்தேன். காலையில் ஓரம் சில்லென்று இருந்தது, நடுவில் கரண்டியை விட்டால் இன்னும் வெதுவெதுப்பு, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. அத்தனையும் கொட்டினேன், இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. அதிலிருந்து அகலமான தட்டுக் கிண்ணங்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் ஊற்றுவதில்லை, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து ஆறவைத்துத்தான் உள்ளே வைக்கிறேன். மீந்த கறியை 3, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குடிக்கப் போகிற அளவை மட்டும் எடுத்துச் சூடு பண்ணுங்கள், முழுப் பாத்திரத்தையும் ஒவ்வொரு வேளையும் ஏற்றி இறக்க வேண்டாம். கரண்ட் 4 மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் ஃபிரிட்ஜில் இருந்த கறியையும் சாறையும் கொட்டிவிடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் யோசிக்கவே யோசிக்காதீர்கள்.